கைப்பக்குவமும் குறிப்பேடும்: மென்பொருள் செயற்றிட்டங்களில் ஆளணியின் திறனும் நிறுவனத்தின் கற்றலும்

எமது கல்லூரியின் கணினிக் கூடத்தில், வாயிலுக்கு அருகே, ஒரு தடித்த கொப்பி கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கடந்த பெற்றோர் தினத்தன்று அதைக் கண்ட ஒரு மாணவியின் வாப்பா, "டீச்சர், இத்தனை கணினிகள் இருக்கும் இடத்தில் கொப்பி எதற்கு?" என்று சிரித்தபடி கேட்டார். வரிசையில் வேறு பெற்றோரும் நின்றதால் அன்று என்னால் விளக்கமாகப் பதில் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் கற்கும் மாணவியருக்கும் இது ஒரு பாடமாக அமையட்டும்.

நான் அழித்த ஒரு வரி

ஆசிரியையாக வருவதற்கு முன்னர் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் மூன்று வருடங்கள் பணிபுரிந்தேன். பல கிளைகளைக் கொண்ட ஒரு பாமசிக்கு, மருந்து இருப்பைக் கணக்கு வைக்கும் மென்பொருளை எங்கள் குழு பராமரித்து வந்தது. அதை ஆரம்பத்தில் எழுதியவர் ஓர் அக்கா. நான் சேர்ந்து சில மாதங்களில் அவர் திருமணமாகி வெளிநாடு சென்றுவிட்டார். அவருடைய பகுதி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைத்தல் என்றால், அவருடைய கோப்புகள் இருந்த இடத்தை எனக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான்.

அந்தச் செய்நிரலில் ஒரு வரி எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஒரேயொரு விநியோகஸ்தரின் பட்டியல் வரும்போது மட்டும், காலாவதித் திகதியில் நாளையும் மாதத்தையும் அது இடம் மாற்றியது. ஏன் என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. தேவையற்ற வரி என்று எண்ணி அதை அழித்தேன். வேறு விநியோகஸ்தர்களின் பட்டியல்களைக் கொண்டு பரிசோதித்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது.

உண்மையில் அந்த விநியோகஸ்தர் மாதத்தை முதலிலும் நாளை அடுத்தும் எழுதுபவர். மார்ச் 10 ஐ அவர் 03/10 என்று எழுதுவார். என் கைவண்ணத்துக்குப் பிறகு கணினி அதை ஒக்டோபர் 3 என்று வாசித்தது. நாள் 12 க்கு மேற்பட்ட திகதிகளைக் கணினி ஏற்காமல் ஒதுக்கியது. அவற்றை எழுதுவினைஞர் வழமைபோலக் கையால் பதிந்துவிட்டார். மற்றவை சத்தமின்றி உள்ளே போயின.

ஒரு கிளையில் பல வருட அனுபவமுள்ள மருந்தாளர் ஐயா ஒருவர் இருந்தார். திரையில் என்ன இருந்தாலும், போத்தலைக் கையில் எடுத்துப் பார்க்காமல் கொடுக்கமாட்டார். ஒரு குழந்தைக்கான பாணி மருந்தைக் கொடுக்கப் போனவர், அது காலாவதியாகி மூன்று வாரங்கள் ஆகிவிட்டதைக் கண்டார். திரையோ இன்னும் பல மாதங்கள் இருப்பதாகக் காட்டியது. அல்ஹம்துலில்லாஹ், அந்தப் போத்தல் கைமாறவில்லை. பின்னர் எல்லாக் கிளைகளிலும் இரண்டு நாட்கள் இறாக்கை இறாக்கையாகக் கையால் சோதித்தோம். அதற்கு முன் ஏதும் போத்தல் போயிருக்குமோ என்ற எண்ணம் இன்றும் சில வேளைகளில் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் திறமையற்றவளாக இருந்தேனா? பரீட்சைகளில் நல்ல சித்தி பெற்றவள் நான். அந்த அக்காவும் மிகத் திறமையானவர். திறமையான இருவருக்கு இடையே அறிவு கைமாறவில்லை. அதுதான் நடந்தது.

திறமைக்கு உள்ள பெறுமதி

அப்படியானால் தனியாளின் திறன் முக்கியமற்றதா? நிச்சயமாக முக்கியம். பெரி போம் என்ற அமெரிக்க அறிஞர், 63 மென்பொருள் செயற்றிட்டங்களின் தரவுகளை ஆராய்ந்து, ஒரு செயற்றிட்டத்துக்கு எவ்வளவு உழைப்புத் தேவைப்படும் என்று மதிப்பிடும் முறையொன்றை 1981 இல் வெளியிட்டார். 'கொகோமோ' என்பது அதன் பெயர். கணினியின் வேகம், நினைவகத்தின் அளவு, கால நெருக்கடி எனப் பல காரணிகளை அதில் அவர் எண்களாக மாற்றினார். அவற்றுள் மிகப் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தியது ஆளணியின் ஆற்றலே. மிகப் பலவீனமான குழுவுக்கும் மிகச் சிறந்த குழுவுக்கும் இடையே, அதே வேலைக்குத் தேவைப்படும் உழைப்பு 4 மடங்குக்கு மேல் வேறுபடலாம் என்று அம்முறை காட்டுகிறது.

ஆனால் திறன் மனிதரோடு வாழ்வது. மாலையில் அவர் பஸ் ஏறினால் அதுவும் கூடவே ஏறிவிடும். அவர் வேலையை விட்டால் அதுவும் விட்டுப் போகும்.

சரி, ஒருவர் போனால் இருவரைச் சேர்த்தால் என்ன? இதற்கு விடை சொன்னவர் ஃபிரெட் புரூக்ஸ். 1960 களில் ஐபிஎம் நிறுவனத்தின் மாபெரும் மென்பொருள் செயற்றிட்டமொன்றை வழிநடத்தியவர். தன் அனுபவத்தை 1975 இல் நூலாக எழுதினார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலைக்கு மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்பது அவருடைய முடிவு. புதியவருக்குக் கற்பிக்க, பழையவர் தன் வேலையை நிறுத்த வேண்டும். அத்துடன் பேச வேண்டிய சோடிகளும் பெருகும். மாணவியரே, இதை நீங்களே கணித்துப் பார்க்கலாம். 4 பேர் உள்ள குழுவில் 6 சோடிகள். 8 பேர் என்றால் 28 சோடிகள். ஆட்கள் இரு மடங்கானபோது, சோடிகள் நான்கு மடங்கையும் தாண்டிவிட்டன.

ஆகவே ஆளைச் சேர்ப்பதால் மட்டும் அறிவு சேராது. அறிவு ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவதற்கு ஒரு வழி வேண்டும். அந்த வழியைத்தான் 'நிறுவனக் கற்றல்' என்கிறோம்.

பாண் பிசைந்த செய்நிரலாளர்

எங்கள் உம்மும்மாவின் வட்டிலப்பம் ஊரில் பெயர் பெற்றது. எத்தனை முட்டை, எவ்வளவு கருப்பட்டி என்று கேட்டால் சொல்வார். அதை அப்படியே செய்தாலும் எங்களுக்கு அது வருவதில்லை. அவருக்குப் பக்கத்தில் நின்று, பால் பதமாகும்போது அவர் கை எங்கே நிற்கிறது என்று பார்த்த என் உம்மாவுக்கு மட்டுமே வந்தது. வாயால் சொல்லக்கூடிய அறிவு ஒன்று, கையில் தங்கியிருக்கும் அறிவு இன்னொன்று. பின்னதைக் கைப்பக்குவம் என்கிறோம்.

ஜப்பானிய அறிஞர் இகுஜிரோ நொனாகா இவ்விரண்டையும் ஆராய்ந்து, நிறுவனங்கள் எவ்வாறு அறிவை உருவாக்குகின்றன என்று 1991 இல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அதில் வரும் ஓர் உதாரணத்தை எமது மாணவியர் அவசியம் அறிய வேண்டும். 1980 களின் நடுப்பகுதியில் மட்சுஷிடா நிறுவனம் வீட்டில் பாண் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்க முயன்றது. இயந்திரம் மாவைச் சரியாகப் பிசையவில்லை. பாணின் மேற்பகுதி கருகியது, உள்ளே வேகவில்லை. இயந்திரம் பிசைந்த மாவையும் கைதேர்ந்தவர் பிசைந்த மாவையும் எக்ஸ் கதிர்ப் படம் எடுத்துக்கூட ஒப்பிட்டார்கள். விடை கிடைக்கவில்லை.

அந்தக் குழுவில் மென்பொருள் வேலை செய்த இகுகோ தனாகா என்ற பெண்மணி ஒரு யோசனை சொன்னார். ஒசாகாவில் மிகச் சிறந்த பாணுக்குப் பெயர் பெற்ற ஹோட்டல் ஒன்றின் தலைமைப் பாண் தயாரிப்பாளரிடம் சென்று, அவருக்கு உதவியாளராக நின்று மாப் பிசையப் பழகினார். மாவை இழுக்கும்போது அவர் கை அதை ஒரு முறுக்கு முறுக்குவதை ஒரு நாள் கண்டார். பின்னர் பொறியியலாளர்களுடன் சேர்ந்து ஒரு வருடம் முயன்று, இயந்திரத்தின் உட்சுவரில் விசேட விளிம்புகளை வைத்து அந்த முறுக்கை உண்டாக்கினார். ஒருவரின் கையில் இருந்த அறிவு, பக்கத்தில் நின்று பார்த்த ஒருவரின் பொறுமையால் இயந்திரத்தின் வடிவமாகவும் எல்லோருடைய சொத்தாகவும் மாறியது.

மென்பொருள் நிறுவனங்களில் இருவர் ஒரே கணினியின் முன் அமர்ந்து எழுதுவதும், ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்துச் சரிபார்ப்பதும் இதற்காகவே. அந்த அக்கா போவதற்கு முன் இரண்டு வாரங்கள் நான் அவர் பக்கத்தில் அமர்ந்திருந்தால், அந்த வரியைத் தாண்டும்போது அவர் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்.

எழுதினால் மட்டும் போதுமா?

1996 ஜூன் 4 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஐரோப்பாவின் புதிய ஏரியன் 5 ரொக்கெட் முதன்முறையாகப் புறப்பட்டது. சுமார் 40 செக்கன்களில் பாதை மாறிச் சிதறியது. அது சுமந்து சென்ற, விஞ்ஞான ஆய்வுக்கான நான்கு கிளஸ்டர் செய்மதிகளும் அழிந்தன.

கணித அறிஞர் ஜாக் லூயி லியோன்ஸ் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு அடுத்த மாதமே அறிக்கை வெளியிட்டது. திசையை அறியும் கருவியின் மென்பொருள் முந்திய ஏரியன் 4 இலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. கிடைத்திசை வேகத்தோடு தொடர்புடைய ஒரு பெரிய எண்ணை அது 64 பிற்றிலிருந்து 16 பிற்று முழுவெண்ணாக மாற்ற முயன்றது. குறியுடைய 16 பிற்றில் 32,767 இற்கு மேல் எழுத முடியாது என்பதை எமது மாணவியர் வகுப்பில் கற்றிருப்பர். ஏரியன் 4 இன் பாதையில் அந்த எண் அந்த அளவுக்கு வளர வாய்ப்பில்லை. ஏரியன் 5 இன் பாதை வேறு. எண் கொள்ளவில்லை, கருவி நின்றுவிட்டது. உதவிக்கு வைத்திருந்த இரண்டாவது கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் அதே காரணத்தால் நின்றது.

அந்தப் பொறியியலாளர்கள் கவனமற்றவர்கள் அல்லர். ஆபத்து வரக்கூடிய ஏழு எண்களை ஆராய்ந்து நான்குக்குப் பாதுகாப்பு வைத்திருந்தார்கள். கணினியின் சுமையைக் குறைப்பதற்காக மூன்றை விட்டுவிட்டார்கள். அவை எல்லை மீறா என்று அவர்கள் கருதியதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் அந்தக் காரணம் செய்நிரலுக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை. குவிந்து கிடந்த ஆவணங்களுக்குள் அது மறைந்துவிட்டது. புதிய ரொக்கெட்டுக்கு அந்தக் காரணம் பொருந்துமா என்று கேட்க வேண்டியவர்களின் கண்ணில் அது படவில்லை.

அந்த அறிக்கையை வாசித்தபோது எனக்கு என் பாமசி வரி ஞாபகம் வந்தது. அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தவறின் வகை ஒன்றே. 'என்ன' என்பது செய்நிரலில் இருந்தது. 'ஏன்' என்பது தொலைந்து போயிருந்தது. ஆகவே எழுதுவது மட்டும் போதாது. தேவைப்படுபவரின் கைக்கு எட்டும் இடத்தில் எழுத வேண்டும்.

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று எமது மாணவியரைக் கேட்டால் உடனே சொல்வார்கள். சூரா அல்பகராவின் 282 ஆம் வசனம் அது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு அது பணிக்கிறது. மென்பொருள் துறையிலும் கடன் என்றொரு சொல் உண்டு. அவசரத்தில் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போகும் வேலையை 1992 இல் வோர்ட் கன்னிங்ஹாம் என்பவர் கடனுக்கு ஒப்பிட்டார். பின்னால் வருபவர் அதை வட்டியோடு அடைக்க வேண்டிவரும் என்பது அவருடைய கருத்து. எழுதப்படாத 'ஏன்' ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட ஒரு கடனே.

யார் செய்தது? ஏன் நடந்தது?

எங்கள் தவறு வெளிப்பட்ட அன்று, முகாமையாளர் கேட்ட முதற் கேள்வி "யார் செய்தது?" என்பதுதான். நான் எழுந்து நின்றேன். ஏச்சு வாங்கினேன். அந்த வரியைத் திரும்பச் சேர்த்தேன். விடயம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். அதன் பிறகு எங்கள் அறையில் ஒரு மாற்றம் வந்தது. சிறிய தவறுகளை யாரும் வெளியே சொல்வதில்லை. இரவோடிரவாகத் திருத்திவிட்டுப் பேசாமல் இருந்தோம். சில மாதங்களின் பின் இன்னொரு பகுதியில் இன்னொருவர் அதே போன்ற காரணமறியா வரியொன்றை அழித்தார்.

கிறிஸ் ஆர்கிரிஸ், டொனால்ட் ஷோன் ஆகிய இருவர் 1978 இல் எழுதிய நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. கற்றலில் இரண்டு சுற்றுகள் உண்டு என்கிறார்கள். கறியில் உப்புக் கூடிவிட்டால் தேங்காய்ப் பால் விட்டுச் சரிசெய்வது முதற்சுற்று. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஏன் உப்புக் கூடுகிறது என்று யோசித்து, உம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருவரும் உப்புப் போடுவதைக் கண்டுபிடித்து, சமையலறை வழக்கத்தையே மாற்றுவது இரண்டாம் சுற்று. நாங்கள் முதற்சுற்றோடு நின்றுவிட்டோம். வரி திருத்தப்பட்டது. வரிகள் காரணமின்றிக் கிடக்கும் வழக்கம் திருத்தப்படவில்லை.

ஏரியன் விசாரணைக் குழு இரண்டாம் சுற்றுக்குப் போனது. ஒருவரைக் குற்றம் சாட்டாமல், முறை எங்கே பிழைத்தது என்று எழுதி, உலகமே வாசிக்கும்படி வெளியிட்டது. அழிந்த செய்மதிகளுக்குப் பதிலாகப் புதியவை செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டில் விண்ணுக்குச் சென்றன.

எமது மண்ணிலிருந்து ஓர் உதாரணம்

2004 டிசெம்பர் 26 அன்று கடல் பொங்கியபோது மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை போன்ற எமது ஊர்கள் பட்ட பாட்டைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். காணாமற்போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த உதவி நிறுவனம் எங்கே நிற்கிறது என்று ஒரே இடத்தில் அறிய வழியிருக்கவில்லை. அப்போது இலங்கையின் மென்பொருளாளர்கள் பலர் தொண்டர்களாகத் திரண்டு, சில வாரங்களுக்குள் 'சஹானா' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். நிவாரணம் என்பதைக் குறிக்கும் சிங்களச் சொல் அது.

அவசரத்தில் எழுதியது ஆதலால் அது சுனாமிக்கும் இலங்கைக்கும் மட்டும் பொருந்தும் ஒன்றாகவே நின்றிருக்கலாம். அவர்கள் அத்தோடு விடவில்லை. கற்றதைக் கொண்டு, வேறு நாடுகளுக்கும் வேறு அனர்த்தங்களுக்கும் ஏற்றவாறு அதைத் திருத்தி, யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் திறந்துவிட்டார்கள். 2005 இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும் 2010 இல் ஹெய்டி பூகம்பத்தின்போதும் அது பயன்பட்டது. சமூகப் பயனுள்ள மென்பொருளுக்காகக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006 ஆம் ஆண்டுக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. ஆரம்பத் தொண்டர்கள் பலர் தத்தம் வேலைகளுக்குத் திரும்பிவிட்ட பின்னரும் அவர்கள் கற்றது தொடர்ந்து பயன்பட்டது.

மாணவியருக்கும் பெற்றோருக்கும்

மாணவியரே, அந்த வரியை அழிப்பதற்கு முன் எனக்கு ஒரு சிறு சந்தேகம் வந்தது உண்மை. அக்காவின் தொலைபேசி இலக்கமும் என்னிடம் இருந்தது. ஒரு செய்தி அனுப்பியிருந்தால் பதில் வந்திருக்கும். ஏன் அனுப்பவில்லை? "இதுகூடத் தெரியாதா?" என்று நினைப்பாரோ என்ற வெட்கம். பாடசாலையில் விடை சொன்னதற்காகப் பாராட்டுப் பெற்றுப் பழகிய எனக்குக் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. உங்களுள் பலர் வகுப்பில் அப்படித்தான் அமைதியாக இருக்கிறீர்கள். அந்த அமைதியை அடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். அறியாததைக் கேட்பதும் அடக்கத்தில் சேர்ந்ததே.

பெற்றோரே, பிள்ளை எத்தனை பாடநெறிச் சான்றிதழ் எடுத்தாள் என்று கேட்பதோடு, இன்று யாரிடம் என்ன கேட்டாள், யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாள் என்றும் கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. எமது பெண்பிள்ளைகள் திருமணம், பிள்ளைப்பேறு காரணமாக வேலையை இடையில் விடுவது சகஜம். அறிவை ஒருவரின் தலைக்குள் மட்டும் வைத்திருக்கும் நிறுவனத்தில், அப்படிப் போவோர் போனவர்களே. எழுதி வைத்து, பகிர்ந்து, கற்பித்துப் பழகிய நிறுவனத்தில், சில வருடங்களின் பின் திரும்பி வருபவர் விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மகளுக்கு வேலை தேடும்போது சம்பளத்தோடு இதையும் விசாரியுங்கள்.

நாம் கற்றது எமக்கு மட்டும் உரியதல்ல. பின்னால் வருபவருக்குரிய அமானிதமும் அதில் இருக்கிறது.

இனி அந்தக் கொப்பிக்கு வருகிறேன். கணினிக் கூடத்தில் பிழை கண்ட மாணவி அதில் மூன்று விடயங்களை எழுத வேண்டும்: என்ன நடந்தது, ஏன் நடந்தது, எப்படித் தீர்ந்தது. பெயர் எழுதத் தேவையில்லை. 'யார்' என்ற கேள்விக்கு அதில் இடமே வைக்கவில்லை. கடந்த தவணையில் தரம் பத்து மாணவி ஒருத்தி தன் செய்நிரல் ஓடாமல் கண் கலங்கி நின்றாள். நான் வேறு வகுப்பில் இருந்தேன். அவள் கொப்பியைப் புரட்டி, பல்கலைக்கழகம் போய்விட்ட ஒரு மாணவியின் கையெழுத்தில் விடையைக் கண்டாள். கீழே இன்னொரு வரியும் இருந்ததாம்: "பயப்பட வேண்டாம், எனக்கும் இது இரண்டு நாள் எடுத்தது."

அந்த வாப்பாவுக்கு நான் சொல்ல நினைத்த பதில் இதுதான். அடுத்த பெற்றோர் தினத்தில் இன்ஷா அல்லாஹ் அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்குக் காட்டுவேன்.